பூட்டிய பள்ளியில் முழு ஆஜர்

போன செவ்வாய்க்கிழமை எங்கள் பள்ளிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார்.

வந்தார் என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டேன். அடிவாரத்துப் புளியஞ்சோலையிலிருந்து மலையேறி வந்த மனிதர் முதல் அரைமணி நேரம் பேசவே இல்லை. மோர் கொடுத்தேன். குடித்தார். இன்னொரு டம்ளர் கொடுத்தேன். அதையும் குடித்தார். பிறகுதான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "ரிஜிஸ்டர்" என்றார்.

என் வீட்டுக்காரர்தான் இங்கே வாத்தியார். அவர் எடுத்துக் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக்கொண்டே வந்தார். ஐப்பசி மாதப் பக்கத்தில் அவர் விரல் நின்றது.

"விஷ ஜுரத்துக்காகப் பள்ளியை மூடச் சொல்லி உத்தரவு வந்ததே?"

"வந்ததுங்க."

"மூடினீர்களா?"

"அன்னிக்கே பூட்டிட்டோமுங்க."

"அப்படியானால் இது என்ன? பூட்டிய பள்ளியில் இருபத்திரண்டு பிள்ளைகளும் தினமும் ஆஜர்!"

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பார்க்கத்தானே வேண்டும்? அந்தப் பக்கங்களில் இருப்பது என் கையெழுத்து.

பொய் ஆஜர் எழுதிய பள்ளிக்கு என்ன ஆகும்? சர்க்கார் தரும் கிராண்ட் பணம் நிற்கும். கிராண்ட் நின்றால் இந்த மலையில் பள்ளியும் நிற்கும். இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும் — பால் பொங்குவதற்கு முன்பே அடுப்பை அணைத்துவிட்டு, காய்ந்ததோ இல்லையோ என்று மறுபடி பற்றவைக்கிற ஆள் நான்.

ஆனாலும் நடந்ததை அவரிடம் சொன்னேன். அதையே இப்போது உங்களிடமும் சொல்கிறேன். நான் செய்தது சரியா, தப்பா? எனக்கு இன்னும் தெரியவில்லை.

எங்கள் பள்ளி ஒரு மேட்டின்மேல் இருக்கிறது. அதை ஒட்டி எங்கள் வீடு. எதிரே ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் மூன்று சரிவுகள். அங்கங்கே ஊராரின் வீடுகள். பார்த்தால் கை நீட்டித் தொட்டுவிடலாம் போலிருக்கும். நடந்தால் இறங்கி ஏற முக்கால் மணி நேரம்.

கீழ்நாட்டில் ஜுரம் பரவுகிறது என்ற சேதி சோளக்காட்டுச் சந்தையில் காதில் விழுந்ததும், ஊர்க்கவுண்டர் ஒரு காரியம் செய்தார். ஓடைப் பாலத்தின் அந்த முனையில், ஊருக்குள் போகிற வழியை அடைத்து இடுப்பளவு முள் போட்டார். நோய் வந்தால் மலையில் அதுதான் வழக்கம். முள்ளைத் தாண்டி யாரும் உள்ளே போகக்கூடாது; உள்ளே இருப்பவர் வெளியே வரக்கூடாது. ஊரில் கடைசி ஜுரம் இறங்கி ஏழு நாள் ஆன பிறகுதான் முள்ளை எடுப்பார்கள்.

ஆனால் ஜுரம் முள்ளுக்கு முன்பே ஏறி வந்துவிட்டது. அது யாரைக் கேட்டுக்கொண்டு வருகிறது?

ஊரில் சிலர் படுத்தார்கள். ஓடைக்கு இந்தப் பக்கம் என் வீட்டுக்காரரும் படுத்தார். கையில் ஒன்பது மாதக் குழந்தை இருந்ததால் அவராகவே பாயைச் சுருட்டிக்கொண்டு பள்ளி அறைக்குப் போய்விட்டார். கஞ்சியை வாசலில் வைத்துவிட்டு இருபது அடி தள்ளி நின்று, அவர் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். எட்டு நாளில் ஜுரம் போனது. போகும்போது அவருடைய குரலையும் கூடவே கொண்டுபோனது. வாயைத் திறந்தால் வெறும் காற்று. ஆகவே என்னோடு பேச ஒரு சிலேட்டை எடுத்து வைத்துக்கொண்டார். கல்யாணமாகி மூன்று வருடத்தில் நான் மட்டுமே பேசிய நாட்கள் அவை. அதை அவர் புகாராகச் சொல்லவில்லை. சிலேட்டில் எழுதினார்.

இந்த நிலையில்தான் கீழேயிருந்து ஒரு சுமைக்காரர் வந்தார். தலையில் ஒரு பெட்டி, மடியில் இரண்டு காகிதம்.

முதல் காகிதம்: ஜுரத்தை முன்னிட்டு எல்லாப் பள்ளிகளையும் உடனே மூடவேண்டும்.

இரண்டாவது காகிதம்: பள்ளிப் பிள்ளைகளின் நலனுக்காக சர்க்கார் டின் பாலும் ஜவ்வரிசியும் கொய்னா என்கிற ஜுர மருந்தும் அனுப்பியிருக்கிறது, தினமும் ஆஜர் எடுத்து, ஆஜரான பிள்ளைகளுக்கு மட்டும் பாலைக் கொடுக்கவேண்டும்.

மூடிய பள்ளியில் ஆஜர் எடுப்பது எப்படி? இரண்டையும் நாலைந்து முறை படித்தேன். நான்தான் ஏதோ ஒரு வரியை விட்டுவிட்டேனோ என்று காகிதத்தைத் திருப்பிக்கூடப் பார்த்தேன். குழந்தைக்காக இன்னும் பள்ளி அறையிலேயே இருந்த வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக வாங்கிப் பார்த்துவிட்டு, சிலேட்டைத் தூக்கிக் காட்டினார்.

"இரண்டும் ஒரே நாள். ஒரே கையெழுத்து."

பெட்டியைத் திறந்தேன். வரிசையாகப் பால் டின்கள். எதிரே முள்ளுக்கு அந்தப் பக்கம் இருபத்திரண்டு பிள்ளைகள். உத்தரவை மீறிப் பழக்கமில்லாதவள் நான். ஒரே சமயத்தில் இரண்டு உத்தரவு வந்தால் என்ன செய்வாள்? இரண்டையும் மீறாமல் இருக்க வழி தேடுவாள்.

வழியை மலையே வைத்திருந்தது.

இங்கே யாரும் யார் வீட்டுக்கும் சும்மா நடந்து போவதில்லை. சரிவில் நின்று கூப்பிடுவார்கள். பெயரின் கடைசி எழுத்தை நீட்டி, மேலே தூக்கி, எதிர்ச் சரிவில் இறக்கிவிடுவார்கள். மாட்டைக் கண்டாயா, மழை வருமா, மகளுக்குப் பிள்ளை பிறந்ததா... எல்லாம் ஓடைக்குமேலேதான். அப்படியானால் ஆஜரும் போகட்டுமே?

மறுநாள் பனி விலகியதும், குழந்தையை இடுப்பில் துணியால் கட்டிக்கொண்டு, ரிஜிஸ்டரோடு பள்ளிக்கு முன்னாலிருக்கும் பாறைமேல் ஏறி நின்றேன். கீழ்நாட்டில் வளர்ந்த எனக்கு அந்தக் கூப்பாடு வராது. முதல் பெயர் ஓடையிலேயே விழுந்துவிட்டது. இரண்டாவது பெயர் பாதி தூரம் போனது.

எதிர்ச் சரிவிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "வாத்தியாரம்மா! தொண்டையில கூப்புடாதீங்க! வயித்திலிருந்து எடுங்க!"

அது நல்லாயி. என் பள்ளியில் படிக்கும் பொன்னியின் அம்மா. புருஷன் மிளகு விற்கக் கீழே இறங்கியவர்; முள் போட்டதும் அங்கேயே மாட்டிக்கொண்டார். வீட்டில் தாயும் மகளும் மட்டும்.

வயிற்றிலிருந்து எடுத்தேன். ஒவ்வொரு சரிவிலிருந்தும் "ஆஜருங்கோ..." என்று பதில் வந்தது. பொன்னிதான் கடைசிப் பெயர். பத்து வயசு. பள்ளியில் இருக்கும் மூன்று பெண் பிள்ளைகளில் ஏழாம் வாய்ப்பாடுவரை வந்தவள் அவள் ஒருத்திதான். "ஆஜர் வாத்தியாரம்மா! பள்ளிக்கூடத்துல கடைசியாச் சொன்ன கணக்கும் போட்டுட்டேன்!" என்று ஓடையைத் தாண்டி வந்தது அவள் குரல்.

அப்புறம் நான் ஒரு காரியம் செய்தேன். அதைத்தான் பிற்பாடு நூறு தடவை நினைத்து நினைத்துப் பார்த்தேன். கடமையில் குறை வரக்கூடாதே என்று, இரண்டாவது காகிதத்தின் சாரத்தை எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்.

"ஆஜர் சொன்ன பிள்ளைகளுக்குத்தான் பால்! ஆஜர் சொல்லாதவங்களுக்கு இல்லீங்க! சர்க்கார் உத்தரவு!"

டின் பாலை வெந்நீரில் கரைத்து, மூங்கில் குழாய்களில் ஊற்றி, முள்ளுக்கு இந்தப் பக்கத்துப் பாறையில் வைத்துவிட்டுத் திரும்புவேன். நான் மேடேறிய பிறகு அவர்கள் கை நீட்டி எடுத்துக்கொள்வார்கள். முதல் நாள் ஊர்க்கவுண்டர் முள்ளுக்கு அப்பால் நின்று ஒரு குழாயை முகர்ந்து பார்த்தார்.

"ஏனுங்க வாத்தியாரம்மா, இந்தத் தகர டப்பாவுக்குள்ள மாடு எப்படிங்க போச்சு?"

"மாடு போகலீங்க. பாலைச் சுண்டக் காய்ச்சி அடைச்சிருக்காங்க."

"எந்த ஊர் மாடுங்க?"

"சீமை மாடுங்க."

"அதான் வாசம் ஒரு தினுசா இருக்குது. பாவம், எத்தனை நாளா அடைபட்டுக் கெடந்துச்சோ" என்று சொல்லிவிட்டு, குடித்துப் பார்த்தார். மறுநாள் தனக்கும் ஒரு குழாய் கிடைக்குமா என்று கேட்டார். "நீங்க ஆஜர் புஸ்தகத்துல இல்லீங்களே" என்றேன். "அப்ப என்னையும் ஒண்ணாங் கிளாஸுல சேத்துக்குங்க" என்றார்.

தினமும் இருபத்திரண்டு ஆஜர். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஊரில் மூன்று பெரியவர்கள் ஜுரத்தில் போய்விட்டார்கள். அந்த நாட்களிலும் பிள்ளைகளின் குரல் ஒன்றுகூடக் குறையவில்லை. என் பிள்ளைகள் தப்பிவிட்டார்கள் என்று ரிஜிஸ்டரை மூடும்போதெல்லாம் ஒரு பெருமூச்சு விடுவேன்.

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, பொன்னியின் குரலில் ஏதோ ஒன்று உறுத்தியது.

"ஆஜருங்க..." அவ்வளவுதான். "வாத்தியாரம்மா" இல்லை. கணக்கு இல்லை. குரல் மெலிந்து, ஆனால் கொஞ்சம் தடித்து... எப்படிச் சொல்வது?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சிலேட்டில் எழுதினார்: "சளி."

சளியாகத்தான் இருக்கும். மறுநாளும் அப்படியே கேட்டது. ஏதாவது கேட்கலாமா என்று வாயெடுத்தேன். நன்றாக இருக்கிற பிள்ளையை நோயாளி என்று ஊர் கேட்கச் சொல்லி, அந்தத் தாயைக் கலங்கடிப்பானேன்? பேசாமல் இருந்தேன். அதற்கு மறுநாளும் பேசாமல் இருந்தேன். ஜாக்கிரதை என்று பெயர் வைத்துக்கொண்டு நாம் எத்தனை காரியங்களைத் தள்ளிப்போடுகிறோம்!

அன்று ஆஜர் முடிந்து இறங்கப் போகும்போது, நடுச் சரிவிலிருந்து ஒரு அம்மாள் குரல் கொடுத்தாள். "வாத்தியாரூட்டுச் சின்னச்சாமி எப்படி இருக்காருங்க?"

இடுப்பிலிருந்த குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டிக்கொண்டே, எல்லாத் தாய்மாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். குழந்தையின் குரலில் பதில் சொன்னேன்.

"நல்லா இருக்கேனுங்கோ..."

அந்தக் குரல் எதிர்ச் சரிவில் மோதித் திரும்பி என் காதிலேயே விழுந்தது. மெலிந்து, கொஞ்சம் தடித்து.

மூன்று நாளாக நான் கேட்டுக்கொண்டிருந்தது அந்தக் குரலைத்தான்... பிள்ளையின் குரலில் பேசும் தாயின் குரல்.

இருந்தாலும் சந்தேகம். என் பயமே எனக்கு இப்படிக் கேட்கவைக்கிறதோ? சோதித்துப் பார்க்காமல் ஒருத்தியைப் பொய் சொல்கிறாள் என்று எப்படி நினைப்பது? மறுநாள் காலை கடைசிப் பெயரைக் கூப்பிட்டேன்.

"பொன்னீ...!"

"ஆஜருங்க..."

"ஏழெட்டு எவ்வளவு, கண்ணு?"

பதில் இல்லை.

பதிலா இல்லை? மற்ற இரண்டு சரிவுகளிலிருந்தும் பொழிந்தது! "அம்பத்தாறு!" "அம்பத்திநாலு!" "டேய், அம்பத்தாறுடா!" "நான் மொதல்ல சொன்னேனுங்க வாத்தியாரம்மா!" பள்ளி பூட்டியிருந்த நாட்களில் நாங்கள் நடத்திய ஒரே பாடம் அதுதான்.

எல்லாம் அடங்கியதும் மறுபடி கேட்டேன். "பொன்னி சொல்லட்டும். ஏழெட்டு?"

இந்தத் தடவை நல்லாயி சொந்தக் குரலில் பேசினாள்.

"அவ படுத்திருக்காளுங்க."

"எத்தனை நாளா?"

"அஞ்சு நாளாச்சுங்க. ஒடம்பு நெருப்பாட்டம் கொதிக்குது. கண்ணத் தொறக்கறதே இல்லீங்க."

"ஏன் நல்லாயி சொல்லலே? நீங்களே ஆஜர் சொல்லிட்டு..."

"கூப்புட்டீங்க, பதில் சொன்னேன். பேரச் சொல்லிக் கூப்புட்டா சும்மா உட்ருவாங்களா? ஆள் இல்லீன்னா ஊட்ல இருக்கறவங்கதான குரல் குடுக்கோணும்?"

அது உண்மை. இந்த மலையில் கூப்பிட்ட குரல் வெறுமனே திரும்பக்கூடாது. ஒருவரைக் கூப்பிட்டால் அவருக்காகப் பக்கத்தில் இருப்பவர் பதில் கொடுப்பார். அதுதான் மரியாதை. அதையே ரிஜிஸ்டரில் எழுதினால் பொய். இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? மூன்று வருடமாக இங்கே குடியிருக்கிறேனே!

நல்லாயி அத்தோடு நிறுத்தவில்லை. அடுத்ததைக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். ஆனால் ஓடை அதையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டது.

"அதுவுமில்லாம... ஆஜர் சொன்னாத்தான் பாலுன்னீங்களே சாமி. அவ அந்தப் பால் மட்டுந்தான் ரெண்டு முழுங்கு குடிக்கறா."

நான் பாறைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

நன்றாக இருக்கிற பிள்ளை கூப்பிட்டதும் குரல் கொடுக்கும், அதற்குப் பால். படுத்த பிள்ளை குரல் கொடுக்காது. அதற்குப் பால் இல்லை. இந்த உத்தரவைத்தான் நான் வயிற்றிலிருந்து எடுத்துக் கூவியிருக்கிறேன். எழுதியவர் கெட்டவராக இருக்கமாட்டார். ஒரு மேஜையின்முன் உட்கார்ந்து, பெஞ்சில் வரிசையாக இருக்கும் பிள்ளைகளை மனசில் வைத்து எழுதியிருப்பார். ஆனால் படித்தவள் நான். முள்ளைப் பார்த்துக்கொண்டே படித்தவள்.

உடனே சட்டத்தை மாற்றினேன். "இனிமே ஆஜர் சொல்லாத பிள்ளைகளுக்கு ரெண்டு பங்குங்க! முடியாதவங்களுக்குத்தான் முதல்ல!" என்று அறிவித்தேன்.

மறுநாள் காலை என்ன நடந்தது என்று நினைக்கிறீர்கள்?

பாதிப் பள்ளி மௌனம்! பெயர் பெயராகக் கூப்பிடுகிறேன், காக்கைகூடக் கத்தவில்லை. ஒரே நாளில் இத்தனை பேரா? அப்போதுதான் கீழ்ச் சரிவிலிருந்து, சுப்பன் என்கிற மூன்றாம் வகுப்புப் பையன் முழுத் தெம்போடு கத்தினான்.

"வாத்தியாரம்மா! நான் ஆஜர் இல்லீங்கோ!"

பின்னாலேயே அவன் அம்மாவின் குரல். "எரும! வாய மூடிட்டு இருடான்னா..."

குரல் இல்லாத என் வீட்டுக்காரர் ஜன்னலில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஜுரத்துக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். எனக்கும் சிரிப்பு வந்தது... ஆனால் கண்ணிலும் தண்ணீர் வந்தது.

உதவி செய்வது இவ்வளவு கஷ்டமா? எந்தப் பக்கம் கோடு கிழித்தாலும், பசித்தவன் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொள்கிறான். அவனைக் குறை சொல்ல நமக்கு என்ன யோக்கியதை?

அன்றோடு கோட்டையே அழித்துவிட்டேன். யார் குரல் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் எல்லோருக்கும் பால். ஆஜர் பாலுக்காக இல்லை. பிள்ளை எப்படி இருக்கிறது என்று கேட்பதற்காக. பாறையிலிருந்து இறங்கி, இருபத்திரண்டு கட்டத்திலும் ஆஜர் போட்டேன். போட்டால்தானே உத்தரவுப்படி பாலைக் கொடுக்கமுடியும்?

வீட்டுக்காரர் சிலேட்டை நீட்டினார். "உத்தரவு?"

"உத்தரவு பிள்ளைகளுக்காகத்தானுங்களே?" என்றேன்.

அவர் அழித்துவிட்டு மறுபடி எழுதினார். "எனக்குத் தெரியும். இன்ஸ்பெக்டருக்கு?"

நான் பால் கரைக்கப் போய்விட்டேன்.

இனி பொன்னி. நான் முள்ளைத் தாண்டி அவளிடம் போனேனா? போகவில்லை. மறைக்காமல் எழுதிவிடுகிறேன். முள் ஓரம்வரை போனேன். ஊர்க்கவுண்டர் அந்தப் பக்கம் நின்றார்.

"உள்ள வந்தீங்கன்னா, முள்ளு எடுக்கற வரைக்கும் வெளிய போக முடியாதுங்க. இடுப்புல இருக்கற சாமியையும் கூட்டிட்டு வாரீங்களா, உட்டுப்போட்டு வாரீங்களா?"

பால் குடிக்கிற குழந்தையை விட்டுவிட்டுப் போகமுடியாது. ஜுர வீட்டுக்குள் தூக்கிக்கொண்டும் போகமுடியாது. இன்னொரு தைரியசாலி போயிருப்பாள். நான் நின்றேன். "நீங்க அங்கயே நில்லுங்க, அதான் சரி" என்றார் அவர். "ஜுரம் வந்து எந்திரிச்சவங்க உள்ள இருக்காங்க. பக்கத்தூட்டு வெள்ளையம்மாள நான் அனுப்பறேன். என்ன பண்ணோணும்னு மட்டும் நீங்க சொல்லுங்க."

சொன்னேன். மருந்தையும் ஜவ்வரிசியையும் முள் ஓரப் பாறையில் வைத்தேன். அவ்வளவுதான் செய்தேன். பகல் முழுக்க, வெயில் பாறையில் ஒவ்வொரு சாண் நகரும்போதும் ஏறி நின்று கூப்பிட்டேன்.

"நல்லாயீ...! ஒரு கரண்டி ஜவ்வரிசிக் கஞ்சி!"

"குடுத்தாச்சுங்கோ...!"

"ஈரத்துணி மாத்துனீங்களா?"

"வெள்ளையம்மா மாத்துறாங்கோ...!"

"அவ பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருங்க!"

"நீங்களும் கூப்புடுங்க சாமி! உங்க குரல் கேட்டா கண்ணு இமை அசையுது!"

அதனால் நான் கூப்பிட்டேன். "பொன்னீ...!" ஓடை அதிரும். யாரும் அவளுக்காகப் பதில் சொல்லவில்லை. நல்லாயி வாயைப் பொத்திக்கொண்டு நிற்பது இங்கிருந்தே தெரியும். கூப்பிட்ட குரல் வெறுமனே திரும்பக்கூடாத மலையில், நான்கு நாள் என் குரல் வெறுமனே திரும்பியது. ஒவ்வொரு தடவையும் குழந்தையை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்குவேன்.

ஐந்தாம் நாள் காலை. பனி அப்போதுதான் கலைந்துகொண்டிருந்தது. வரிசையாகக் கூப்பிட்டு முடித்து, கடைசிப் பெயருக்கு வந்தேன். கூப்பிடப் பயமாக இருந்தது. கூப்பிட்டேன்.

"பொன்னீ...!"

சுப்பன்கூடப் பேசவில்லை.

பிறகு, எறும்பு ஊர்வதுபோல ஒரு குரல் ஓடையின்மேல் நகர்ந்து வந்தது.

"அம்பத்தாறுங்க... வாத்தியாரம்மா."

எதிர்ச் சரிவில் யாரோ கை தட்டினார்கள். யாரோ அழுதார்கள். நான் பென்சிலை ஓடையில் போட்டுவிட்டேன். அன்றைக்கு ரிஜிஸ்டரில் கரித்துண்டால்தான் எழுதினேன். இப்போதும் அந்தப் பக்கம் கறுப்பாகத்தான் இருக்கிறது.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது இன்ஸ்பெக்டர் அந்தக் கறுப்புப் பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"இங்கிருந்து கூப்பிட்டால் அங்கே கேட்கும் என்கிறீர்கள்?"

"கேக்குமுங்க."

"எங்கே, ஒரு பெயரைக் கூப்பிடுங்கள்."

பிள்ளைகள் இருபத்திரண்டு பேரும் அப்போது பள்ளிக்குள் அவர் கண்முன்தான் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே யார் பதில் சொல்லப் போகிறார்கள்? இருந்தாலும் பெரியவர் சொல்லிவிட்டாரே. வெளியே வந்து பாறைமேல் ஏறினேன். அவரும் பின்னால் வந்து நின்றார். வாயில் முதலில் வந்த பெயர் அதுதான்.

"பொன்னீ...!"

எதிர்ச் சரிவில், ராகிக் கதிர் அறுத்துக்கொண்டிருந்த நல்லாயி நிமிரக்கூட இல்லை. பழக்கம்!

"ஆஜருங்கோ...!"

இன்ஸ்பெக்டர் சரிவைப் பார்த்தார். திரும்பி, பள்ளி வாசலில் வந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பொன்னியைப் பார்த்தார். ஐப்பசி மாதத்து ஆஜர் முழுக்க ஒரே நொடியில் கெட்டதே!

"உன் பெயர் என்ன?"

"பொன்னிங்க."

"அப்படியானால் அங்கே ஆஜர் சொன்னது யார்?"

"எங்கம்மாங்க" என்றாள் பொன்னி. "நான் இங்க ஆஜர். அது அங்க ஆஜர்."

அவர் சிரித்தாரா என்று கேட்காதீர்கள். மீசை பெரிசு; தெரியவில்லை. உள்ளே போய், கறுப்புப் பக்கத்தின் ஓரத்தில் சிவப்பு மையால் ஒரே ஒரு வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போட்டார்: "கேட்டேன்." சரி என்றும் எழுதவில்லை, தப்பு என்றும் எழுதவில்லை. இன்னும் ஒரு டம்ளர் மோர் வாங்கிக் குடித்துவிட்டு இறங்கிப் போனார்.

கிராண்ட் வருமா, வராதா? தெரியவில்லை. தபால்காரர் மேடேறும்போதெல்லாம் அவர் கையைத்தான் பார்க்கிறேன். வீட்டுக்காரருக்குக் குரல் திரும்பி வந்துவிட்டது. "வரும், வரும்" என்று தினமும் சொல்கிறார். சிலேட்டில் எழுதியபோது எனக்கு அவர்மேல் இன்னும் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது.

எனக்கு இருக்கிற குறை வேறு. ரிஜிஸ்டரில் இருபத்திரண்டு கட்டம்தான் இருக்கிறது — நல்லாயிக்கு நான் எங்கே ஆஜர் போடுவது?